த்ரீ கார்டு போக்கர்: எந்தத் தவறுக்கு என்ன விலை?

ப்ளஃப் செய்ய, அதாவது மோசமான கையை நல்லதுபோல் காட்டி மிரட்ட, ஆள் இல்லாத போக்கர் இது. எதிரே காசினோ சார்பில் நிற்கும் டீலர் நம் முகத்தைப் பார்த்துப் பயந்து சீட்டைக் கவிழ்க்க மாட்டார். விதிப்படி ஆடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியே இல்லை. மற்ற போக்கரில் பழகியவர்கள் இங்கே பணத்தை விடுவது பெரும்பாலும் இதை மறப்பதால்தான்.

விதி எளிது. ஆன்டி, அதாவது சீட்டைப் பார்க்கும் முன் கட்டும் பந்தயத் தொகை, வைத்தால் மூன்று சீட்டு வரும். பார்த்துவிட்டு, ஆன்டிக்குச் சமமான தொகையை பிளே வட்டத்தில் வைக்கலாம். அல்லது சீட்டைக் கவிழ்த்து ஆன்டியை விட்டுவிடலாம். டீலருக்குக் குறைந்தது ராணியோ, அதைவிடப் பெரிய கையோ (ஜோடி போன்றவை) இருந்தால்தான் அவர் கை தகுதி பெறும். தகுதி பெறாவிட்டால் ஆன்டிக்கு ஒன்றுக்கு ஒன்று கிடைக்கும், பிளே தொகை அப்படியே திரும்பும். தகுதி பெற்றால் பெரிய கை எதுவோ அதற்கு இரண்டு தொகையும். பிரிட்டனைச் சேர்ந்த டெரெக் வெப் 1994-ல் உருவாக்கிய ஆட்டம் இது.

எல்லாக் கையையும் ஆடுவது

இருப்பதிலேயே பெரிய தவறுகளில் ஒன்று. "டீலருக்கு ராணி வராமல் போகலாமே" என்ற நப்பாசையில் 9-5-2 போன்ற கைக்கும் பிளே வைப்பார்கள். கணக்கைப் பாருங்கள். நம்மிடம் ஜாக் அல்லது அதற்குக் கீழான வெறுங்கை (ஜோடியோ அதற்கு மேலோ அமையாத கை) இருக்கும்போது, 100 ஆட்டத்தில் சுமார் 29-ல்தான் டீலர் தகுதி பெறாமல் போவார். அதில் 29 ஆன்டி லாபம். மீதி 71-ல் நம் கை தோற்பது உறுதி. ஆன்டியும் பிளேயும் சேர்ந்து 142 போகும். ஆக நிகர நஷ்டம் 113. நூறு முறையும் கவிழ்த்திருந்தால் 100-தான் போயிருக்கும்.

கவிழ்க்காமலே ஆடுபவருக்கு எதிராகக் காசினோவின் சாதகம், அதாவது சராசரியாக அதற்குப் போகும் பங்கு, ஆன்டியில் 7.65 சதவீதம். சரியாக ஆடினால் 3.37.

எங்கே கோடு போடுவது?

ராணி-6-4. இதற்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் பிளே, கீழே இருந்தால் கவிழ்க்க வேண்டும். மேசையில் இதைச் சரிபார்க்கும் முறை: ஜோடி அல்லது அதைவிடப் பெரிய கை என்றால் யோசிக்காமல் பிளே. வெறுங்கையில் ஏஸோ ராஜாவோ இருந்தால் மற்ற சீட்டுகளைப் பார்க்கவே தேவையில்லை, ராஜா-3-2 ஆனாலும் பிளேதான். ராணி பெரியதாக இருந்தால் இரண்டாவது சீட்டைப் பாருங்கள். 7 அல்லது மேல் என்றால் பிளே. 6 என்றால் மூன்றாவது சீட்டு 4 அல்லது 5 ஆக இருக்க வேண்டும். இரண்டாவது சீட்டு 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் கவிழ்த்துவிடலாம்.

இந்த 6-4 நினைவில் நிற்காவிட்டால் பதற வேண்டாம். ராணி இருந்தாலே பிளே என்று ஆடினால் காசினோ சாதகம் 3.45 ஆகும், அவ்வளவே. உண்மையில் விலை அதிகமான தவறு அடுத்து வருவது.

பேர் பிளஸ் அட்டவணையைப் படிக்காமல் பணம் வைப்பது

பேர் பிளஸ் டீலரோடு சம்பந்தமில்லாத தனிப் பந்தயம். நமக்கு ஜோடியோ அதற்கு மேலோ வந்தால் பணம். மூன்று சீட்டில் அமையக்கூடிய கைகள் மொத்தம் 22,100. அவற்றில் 16,440 வெறுங்கை. அதாவது நான்கில் மூன்று முறை இந்தப் பந்தயம் தோற்கும்.

ஒரு காலத்தில் பரவலாக இருந்த அட்டவணையில் வைத்த ஒவ்வொன்றுக்கும் ஜோடிக்கு 1, ஃப்ளஷ்ஷுக்கு (மூன்றும் ஒரே சின்னம்) 4, ஸ்ட்ரெயிட்டுக்கு (அடுத்தடுத்த மூன்று சீட்டுகள்) 6, மூன்று ஒரே எண்ணுக்கு 30, ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ்ஷுக்கு (இரண்டும் சேர்ந்தது) 40. காசினோ சாதகம் 2.32 சதவீதம், ஆன்டியைவிடக் குறைவு. இதில் ஃப்ளஷ்ஷுக்குக் கொடுக்கும் 4-ஐ மட்டும் 3 ஆக்கினால் சாதகம் 7.28-க்குத் தாவும். மேசை விரிப்பில் ஒரே ஒரு எண் மாறியிருக்கும், கண்ணில்கூடப் படாது. 50 ஆட்டம், ஆன்டி 10, பேர் பிளஸ் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிப் பக்கம் சராசரியாகப் போவது 17-க்குள். பேர் பிளஸ் பக்கம் 36-க்கு மேல். உட்காரும் முன் ஃப்ளஷ்ஷுக்கு என்ன என்று பாருங்கள். 3 என்றால் அந்த வட்டத்தைக் காலியாக விடுவதே நல்லது.

ஆன்டி போனஸையும் அப்படியே பார்க்க வேண்டும். ஸ்ட்ரெயிட்டுக்கு 1, மூன்று ஒரே எண்ணுக்கு 4, ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ்ஷுக்கு 5 என்பது வழக்கமானது. 1-3-4 என்றால் 3.37 சுமார் 3.8 ஆகிவிடும். டீலர் நம்மை வென்றாலும் இந்த போனஸ் உண்டு என்பதால், தோற்ற கை என்று நினைத்து அவசரமாக எழுந்துவிடாதீர்கள்.

கைகளின் வரிசைக் குழப்பம்

ஐந்து சீட்டு போக்கரில் ஸ்ட்ரெயிட்டை ஃப்ளஷ் வெல்லும். இங்கே தலைகீழ். ஸ்ட்ரெயிட் 720 விதத்தில்தான் அமையும், ஃப்ளஷ் 1,096 விதத்தில். அரியது எதுவோ அதுதான் பெரியது. மூணு சீட்டு ஆடிப் பழகியவர்களுக்கு வேறு குழப்பம் வரும். அங்கே மூன்றும் ஒரே எண் என்றால் அதற்கு மேல் எதுவுமில்லை. இங்கே ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ் அதையும் வெல்லும். ஏ-2-3 இங்கே மிகச் சிறிய ஸ்ட்ரெயிட்.

மேசைப் பழக்கத்தில் சில: சீட்டை ஒரு கையால் எடுங்கள், மேசைக்கு வெளியே கொண்டுபோகாதீர்கள், பிளே வைத்தபின் தொடாதீர்கள். பிளே தொகை ஆன்டிக்குச் சரிசமம். கை நன்றாக இருக்கிறதே என்று கூடுதலாக வைக்க முடியாது.

இரட்டிப்பாக்கி மீட்பது

தோற்றால் அடுத்த முறை இரண்டு மடங்கு என்ற உத்தி எந்த ஆட்டத்திலும் தேறாது. இங்கே கூடுதலாக ஒரு ஓட்டை. ஆன்டி 10, 20, 40, 80, 160 என ஏற்றி, பிளேயும் வைத்து ஐந்து முறை தோற்றால் போனது 620. ஆறாவதுக்கு ஆன்டி 320, பிளே 320 வேண்டும், மேசையின் உச்ச வரம்பு அதை அனுமதித்தால். நமக்கு ராஜா ஜோடி வருகிறது, டீலர் ஜாக்கோடு தகுதி பெறாமல் நிற்கிறார். கிடைப்பது ஆன்டிக்கான 320 மட்டுமே. ஆறாவது ஆட்டத்தை வென்ற பிறகும் 300 நஷ்டம்.