சிற்றூரிலிருந்து மென்பொருள் ஏற்றுமதி: முதல் இன்வாய்ஸுக்கு முன் செய்ய வேண்டியவை

1991-இல் இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு தொடங்கப்பட்டபோது, எழுதி முடித்த மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பத் தரவு இணைப்பு கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டில்தான் வந்தது. இன்று தென்காசியில் ஃபைபர் இணைப்புள்ள ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர் ஜெர்மனி நிறுவனத்துக்கு வேலை செய்துகொடுக்கலாம். இத்தகைய சிறு குழுக்கள் நிரலில் இடறுவதில்லை, தாள்களில்தான் இடறுகின்றன. பணம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுப் பின்னர் அலைந்தவர்களைக் கண்ட வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

செய்யும் வேலை சட்டப்படி ஏற்றுமதிதானா என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். சேவையைப் பெறுபவர் இந்தியாவுக்கு வெளியே இருக்க வேண்டும். கட்டணம் அந்நியச் செலாவணியிலோ ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் வகையில் ரூபாயிலோ வர வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் தம் பெங்களூரு கிளையின் பெயரில் பில் போடச் சொன்னால், அது உள்நாட்டு விற்பனை. 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. விலை பேசும்போதே இதைக் கேட்டுவிடுவது நல்லது.

ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவையாளருக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. ஆயினும் பதிவு செய்துகொள்வதே என் பரிந்துரை. இணையம் போன்ற சேவைகளுக்குச் செலுத்திய வரியைத் திரும்பக் கோர அது ஒன்றே வழி.

பதிவு கிடைத்ததும், முதல் இன்வாய்ஸ் அனுப்புவதற்கு முன்பாகவே, ஜி.எஸ்.டி. தளத்தில் எல்.யூ.டி. எனப்படும் உறுதிமொழிக் கடிதத்தை ஆர்.எஃப்.டி.-11 படிவத்தில் தாக்கல் செய்யுங்கள். இரண்டு சாட்சிகளின் பெயர், தொழில், முகவரி ஆகியவற்றைக் கேட்பார்கள், கட்டணம் கிடையாது. இந்தக் கடிதம் இல்லையென்றால் வரியை முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெற வேண்டியிருக்கும். மாதச் சம்பளத்துக்கே கணக்குப் பார்க்கும் குழுவுக்கு அந்த 18 சதவீதம் முடங்கிக் கிடப்பது சிறிய இழப்பன்று. ஏற்றுமதிக்குரிய ஜி.எஸ்.டி.யான ஒருங்கிணைந்த வரியைச் செலுத்தாமல் உறுதிமொழிக் கடிதத்தின் கீழ் ஏற்றுமதி செய்யப்படுவதாக இன்வாய்ஸிலும் ஒரு வாக்கியம் எழுதப்பட வேண்டும். இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் பணம் வராவிட்டால், வரியை வட்டியுடன் செலுத்த நேரிடும் என்பதால், தவணைகளை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பணம் வரும்போது, அது எதற்காக வருகிறது என்பதைக் காட்டும் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்கும். மென்பொருள் ஆலோசனை, செயலாக்கப் பணிகளுக்குரியது பி0802. குடும்பத்தினர் அனுப்பும் பணத்துக்கான குறியீட்டைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டால், அது ஏற்றுமதி வருவாய் என்று பின்னர் மெய்ப்பிப்பது கடினம். ஒவ்வொரு வரவுக்கும் வங்கியிடமிருந்து வரவுச் சான்றைக் கேட்டு வாங்கி, உரிய இன்வாய்ஸுடன் சேர்த்து வையுங்கள். வரியைத் திரும்பக் கோரும் நாளில் அதிகாரி முதலில் கேட்பது அதைத்தான்.

உறுதிமொழிக் கடிதம் மார்ச் 31 வரை மட்டுமே செல்லும். ஏப்ரலின் முதல் இன்வாய்ஸுக்கு முன்பே புதிதாகத் தாக்கல் செய்துவிட வேண்டும்.