யூஸ்நெட்டில் இன்றும் எழுதலாம்: தண்டர்பேர்டில் அமைக்கும் முறை

1979-இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த யூஸ்நெட், அதாவது தலைப்புவாரியான குழுக்களில் எழுதி விவாதிக்கும் வலையமைப்பு, இன்னும் உயிரோடு இருக்கிறது. படிக்கவும் எழுதவும் ஒரு சர்வரில் கணக்கு இருந்தால் போதும்.

முதலில் யூஸ்நெட் சர்வர் ஒன்றை நடத்தும் இடர்னல் செப்டம்பர் தளத்தில் பதிவு செய்யுங்கள், இலவசம்தான். அப்புறம் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் நியூஸ்குரூப் (விவாதக் குழு) கணக்கு ஒன்றைச் சேர்த்து, அவர்கள் தரும் சர்வர் முகவரியைக் கொடுங்கள். பாதுகாப்புக்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பைத் தேர்ந்தெடுங்கள், போர்ட் 563. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் உண்மையான முகவரி வேண்டாம். அங்கே கொடுக்கும் முகவரி உங்கள் பதிவோடு எல்லோர் கண்ணிலும் படும். '.இன்வாலிட்' (.invalid) என்று முடியும் முகவரி போதும்.

பலரும் மாட்டிக்கொள்வது இதற்கடுத்த இடத்தில். எல்லாம் சரியாகக் கொடுத்தும் குழுக்கள் வராது, பாஸ்வேர்டும் கேட்காது. காரணம் இதுதான்: யூஸ்நெட் பதிவுகளைப் பரிமாறும் என்என்டிபி முறையில் சர்வர் கேட்டால்தான் தண்டர்பேர்ட் பாஸ்வேர்டைக் கொடுக்கும். பாஸ்வேர்ட் இல்லாமலே கொஞ்சம் பார்க்க அனுமதிக்கும் சர்வர் அதைக் கேட்பதே இல்லை. சர்வர் செட்டிங்ஸில் 'இணையும்போது எப்போதும் அடையாளம் கேள்' என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி உண்டு. அதை டிக் செய்து, தண்டர்பேர்டை மூடித் திறங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும், பட்டியல் வந்துவிடும்.

குழுவில் சேர, அந்தக் கணக்கின் பெயர் மேல் வலது கிளிக் செய்து சப்ஸ்க்ரைப் கொடுத்து, பட்டியலில் வேண்டிய குழுவை டிக் செய்யுங்கள். எழுதிப் பழக, பெயரில் 'டெஸ்ட்' உள்ள குழுவே நல்லது.

பதில் எழுதும்போது முந்தைய பதிவில் தேவையான வரிகளை மட்டும் வைத்து, அதற்குக் கீழே எழுதுங்கள். இது வெறும் மரியாதை இல்லை. யூஸ்நெட்டுக்கு மைய சர்வர் கிடையாது. ஆரம்பத்தில் கணினிகள் தொலைபேசி மோடம் வழியாக ஒன்றையொன்று அழைத்துப் பதிவுகளைக் கைமாற்றின. இன்றும் ஒவ்வொரு சர்வரும் தன் பிரதியைத்தான் வைத்திருக்கிறது. அதனால் உங்கள் பதில் மூலப் பதிவுக்கு முன்பே ஒருவரைச் சேரலாம். மேற்கோள் இல்லையென்றால் அவருக்கு ஒன்றும் புரியாது.

தொடக்கத்துக்கு தண்டர்பேர்ட் போதும். கை பழகிய பின் எஸ்எல்ஆர்என் (slrn) என்ற, எழுத்துத் திரையில் இயங்கும் யூஸ்நெட் மென்பொருள் பக்கம் போங்கள். நூற்றுக்கணக்கான பதிவுகளை விசைப்பலகையாலேயே வேகமாகப் படிக்க எனக்குப் பிடித்தது அதுதான்.

பின்சேர்க்கை: கூகுள் குரூப்ஸிலிருந்தே யூஸ்நெட்டில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். 2024 பிப்ரவரியோடு அந்த வழி அடைபட்டுவிட்டது. பழைய பதிவுகளைத் தேடிப் படிக்க மட்டும் அங்கே போகலாம்.