ஓடைக் கரண்ட் மங்கியபோது

கேரளத்தின் இடுக்கி மலையில் இருக்கும் வட்டவடையில், வீட்டுக்கு மேலே ஓடும் ஓடையிலிருந்து 20 மீட்டர் இறக்கத்துக்குப் பைப் போட்டு, சின்ன டர்பைன் வைத்திருக்கிறோம். நொடிக்கு 5 லிட்டர் தண்ணீர். கணக்குப்படி 980 வாட். பாதி கைக்கு வந்தாலே வீட்டுக்குத் தாராளம். 1940-இல் கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் பள்ளிவாசலில் ஓடத் தொடங்கியதும் இதே உயரம், தண்ணீர் கணக்கில்தான்.

ஐப்பசி மழையில் பல்பு மினுக்கத் தொடங்கியது. டைனமோ போய்விட்டது என்றே நினைத்தேன். "மொதல்ல கேஜைப் பாருங்கண்ணே" என்றான் பக்கத்து வீட்டுத் தம்பி. பைப்பில் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரைத்தான் சொன்னான். வால்வை மூடினால் 2 பார் அழுத்தம்; 20 மீட்டர் இறக்கத்துக்கு அது சரி. திறந்தால் 1-க்கும் கீழே. டர்பைன் மேல் தண்ணீரைப் பீய்ச்சும் நாசில் அடைத்திருந்தால் முள் இப்படி இறங்காது. கோளாறு மேலே.

ஏறிப் போனேன். ஓடைத் தண்ணீர் பைப்புக்குப் போகும் தொட்டியின் வலை முழுக்க யூகலிப்டஸ் இலை, ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தது. தொட்டியில் தண்ணீர் இறங்கி, பைப் வாய் களக் களக்கென்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

வலையைச் சாய்த்து வைத்தேன். இலையைத் தண்ணீரே தள்ளிவிடுகிறது. பைப் வாயை ஒரு அடி ஆழத்துக்கு இறக்கினேன். மணல் தங்க முன்னால் இன்னொரு தொட்டி. இப்போது டர்பைன் ஓடும்போதும் முள் 1.7-இல் நிற்கிறது. வெளியேறும் தண்ணீர் எப்போதும்போல் கேரட் தோட்டத்துக்குப் போகிறது.