அடுத்த மேனேஜர் யார்? ரசிகர்கள் விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 ஜனவரி 26 அன்று, சீசன் முடிந்ததும் இங்கிலாந்து கால்பந்து கிளப்பான லிவர்பூலை விட்டு விலகுவதாக அதன் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) யூர்கன் க்ளோப் அறிவித்தார். அன்று மாலைக்குள்ளாகவே ரசிகர்களில் பெரும்பாலோர் அடுத்தவரை முடிவு செய்துவிட்டார்கள்: லிவர்பூலின் முன்னாள் ஆட்டக்காரர் ஷாபி அலோன்சோ. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருந்தது. 2005இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பியக் கிளப்புகளின் பெருந்தொடர்) இறுதிப்போட்டியில் பெனால்டியை கோல்கீப்பர் தடுத்தும், திரும்பி வந்த பந்தை வலைக்குள் அடித்து 3-3 ஆக்கியவர். ஜெர்மனியில் அவர் பயிற்றுவித்த லெவர்குசன் அப்போது தோல்வியே காணாமல் ஓடிக்கொண்டிருந்தது. நம்மவர், ஜெயிக்கிறவர், வேறென்ன வேண்டும்?

இரண்டு மாதம் கழித்து, மார்ச் 29 அன்று, லெவர்குசனிலேயே தொடர்வதாக அலோன்சோ சொல்லிவிட்டார். பிறகு போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங் அணியை நடத்திய ரூபன் அமோரிமின் பெயர் அடிபட்டது. கடைசியில் வந்தவர் ஃபெயனூர்டின் ஆர்னே ஸ்லாட். நெதர்லாந்து லீகைப் பார்க்காத ரசிகர்களுக்கு அவரைப் பற்றி அதிகம் தெரியாது. அவர் வந்த முதல் சீசனிலேயே, 2025 ஏப்ரல் 27 அன்று டாட்டனமை 5-1 என்று வென்று லிவர்பூல் தன் 20வது லீக் பட்டத்தை உறுதி செய்தது.

ரசிகர்கள் அலோன்சோவை விரும்பியதில் தவறில்லை, அவர் திறமைசாலிதான். முதலில் பெயரைப் பிடித்துக்கொண்டு காரணத்தை அப்புறம் தேடியதுதான் தவறு. அலோன்சோவின் லெவர்குசன் பின்னால் மூன்று பேரை நிறுத்தி, இரு ஓரங்களிலும் கிரிமால்டோ, ஃப்ரிம்போங் என்ற விங்-பேக்குகளை மேலே ஓடவிட்டு ஆடிய அணி. லிவர்பூலோ பல வருடங்களாக நால்வர் டிஃபென்ஸ், முன்னால் மூவர் என்று பழகியது. ஸ்லாட்டின் ஃபெயனூர்டும் நால்வர் டிஃபென்ஸோடு மேலே ஏறி பிரஸ் செய்த (பந்து வைத்திருப்பவரை நெருக்கிப் பறிக்கும்) அணி. வந்தவர் எதையும் இடித்துக் கட்டவில்லை. முதல் கோடையில் அணியில் புதிதாகச் சேர்ந்து ஆடியவர் ஃபெடெரிகோ கியேசா ஒருவர்தான். நடுக்களத்தில் டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்க ஸ்பெயின் ஆட்டக்காரர் ஸுபிமென்டியைக் கேட்டார்கள், அவர் வரவில்லை. உடனே ஸ்லாட், க்ளோப் காலத்தில் நிலையான இடமில்லாமல் இருந்த ரயான் கிராவன்பெர்கை அந்த இடத்தில் நிறுத்தினார். சீசன் முழுக்க அந்த இடம் அவருடையதாகவே இருந்தது. ஒரு மேனேஜரை எடைபோட இதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன்: இருக்கிற ஆட்டக்காரர்களிடம் அவருக்கு என்ன தெரிகிறது, அவர்களை எங்கே நிறுத்துகிறார்.

ஆகவே விவாதத்தைத் தொடங்கும்போது மேனேஜர் பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு அணிப் பட்டியலை எடுங்கள். நம்மிடம் எத்தனை சென்டர்-பேக் இருக்கிறார்கள், ஓரங்களில் ஓட யாருக்கு மூச்சு இருக்கிறது, பிரஸ் செய்யக்கூடிய கால்கள் எத்தனை. இதைக் கேட்காமல் ஆள் எடுத்தால் என்ன ஆகும் என்பதை மான்செஸ்டர் யுனைடெட் காட்டியது. 2024 நவம்பரில், சீசன் நடுவில், ஸ்போர்ட்டிங் அணியில் 3-4-3 (பின்னால் மூவர், நடுவில் நால்வர், முன்னால் மூவர்) ஆடி வென்ற அமோரிமைக் கொண்டுவந்தார்கள். யுனைடெட்டில் இருந்தவர்கள் நால்வர் டிஃபென்ஸுக்காக வாங்கப்பட்டவர்கள். அமோரிம் தன் முறையை விடவில்லை. சீசன் முடிவில் 42 புள்ளி, 15வது இடம். பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து யுனைடெட் அவ்வளவு கீழே முடித்ததில்லை.

இன்னும் வேகமாக உடைந்தது 2017இல் கிரிஸ்டல் பேலஸ். அயாக்ஸில் தொடர்ந்து நான்கு பட்டம் வென்ற ஃபிராங்க் டி போயரை எடுத்தார்கள். நான்கு லீக் ஆட்டங்கள், நான்கு தோல்விகள், ஒரு கோல்கூட இல்லை. செப்டம்பரிலேயே வெளியேற்றிவிட்டார்கள். பிறகு வந்த ராய் ஹாட்ஜ்சன் ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்களை வைத்து 11வது இடத்தில் முடித்தார்.

அண்மை வெற்றிகளில் மயங்குவது

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். 2018 டிசம்பரில் யுனைடெட்டின் தற்காலிக மேனேஜராக வந்த ஓலே குன்னர் சோல்ஷேர் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றார். 2019 மார்ச் 6 அன்று பாரிஸில் பிஎஸ்ஜியை 3-1 என்று வீழ்த்தி, முதல் ஆட்டத்தின் 0-2 தோல்வியைக் கடந்து சாம்பியன்ஸ் லீகில் முன்னேறியபோது, அவரை நிரந்தரமாக்கு என்ற குரல் உச்சத்துக்குப் போனது.

அந்த மூன்று கோல்களைத் திரும்பப் பாருங்கள். முதல் கோல், கேரர் தவறாகப் பின்னால் தட்டிய பந்தை லுகாகு பறித்தது. இரண்டாவது, ராஷ்ஃபோர்டின் ஷாட்டை புஃபோன் பிடிக்காமல் நழுவவிட்டதால் மறுபடி லுகாகுவிடம் வந்தது. மூன்றாவது, 90 நிமிடம் முடிந்து கூட்டித் தந்த நிமிடங்களில், வீடியோ (VAR) பார்த்து, கையில் பந்து பட்டதற்காகக் கொடுத்த பெனால்டி. பந்து பெரும்பாலும் பிஎஸ்ஜியிடமே இருந்தது. முதல்நிலை வீரர்கள் பலர் இல்லாத அணி கடைசி நிமிடம்வரை நம்பிக்கை இழக்காமல் நின்றதற்கு சோல்ஷேரைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் அணியை நடத்தும் திட்டம் அவரிடம் இருக்கிறதா என்பதற்கு அந்த இரவில் விடை இல்லை. மார்ச் 28 அன்று மூன்று வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள். அந்த சீசனில் மிச்சமிருந்த 10 ஆட்டங்களில் வென்றது இரண்டே இரண்டு.

டாட்டனமில் நூனோவின் கதை இதைவிடச் சுருக்கம். 2021 ஆகஸ்டில் மூன்று ஆட்டங்களையும் 1-0 என்று வென்று மாதத்தின் சிறந்த மேனேஜர் விருது வாங்கினார். நவம்பர் 1 அன்று வேலை போனது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒருவரின் அண்மைத் தோல்வியைப் பார்த்துப் பெயரை அடித்துவிடுகிறோம். 2015 பிப்ரவரியில் க்ளோப்பின் டார்ட்மண்ட் ஜெர்மன் லீகின் கடைசி இடத்தில் கிடந்தது, 7வதாக முடித்தது. அந்த சீசனின் ஆட்டங்களை லிவர்பூலின் ஆய்வுப் பிரிவு தனித்தனியாக எடுத்துப் பார்த்தது. வாய்ப்புகளை உருவாக்குவதிலும் தடுப்பதிலும் அந்த அணி மேல்தட்டில்தான் இருந்தது, ஸ்கோர்தான் ஒத்துழைக்கவில்லை என்று கண்டது. அந்த அக்டோபரில் க்ளோப் லிவர்பூலுக்கு வந்தார். ரனியேரியும் அப்படித்தான். ஃபாரோ தீவுகளிடம் சொந்த மண்ணில் தோற்று கிரீஸ் அணியிலிருந்து நீக்கப்பட்டவரை லெஸ்டர் எடுத்தபோது பலரும் முகம் சுளித்தார்கள். 2016இல் லெஸ்டர் சாம்பியன்.

பழைய பாசம்

கிளப்புக்காக ஆடியவரை மேனேஜராகப் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆசையைத் தகுதியாக எண்ணும்போது வலி அந்த நாயகனுக்கே வந்து சேர்கிறது. செல்சீயின் கோல் சாதனையாளர் ஃபிராங்க் லாம்பார்ட் 2021 ஜனவரியில் அதே கிளப்பின் மேனேஜர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே அணியைக் கையில் எடுத்த தாமஸ் டூகல் மே மாதம் சாம்பியன்ஸ் லீக் வென்றார். 2023 ஏப்ரலில் செல்சீ லாம்பார்டைத் தற்காலிகமாக மறுபடி அழைத்தது. 11 ஆட்டங்களில் ஒரே வெற்றி.

நம் சென்னையின் எஃப்சியிலும் இதைப் பார்த்தோம். 2019 டிசம்பரில் நடுவழியில் வந்த ஓவன் கோய்ல், அட்டவணையின் அடியில் தவித்த அணியை இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். அடுத்து ஜாம்ஷெட்பூருக்குப் போய் 2021-22இல் லீக் ஷீல்டும் (லீக் சுற்றில் முதலிடம் பிடிப்பவருக்கான விருது) வென்றார். 2023இல் அவர் திரும்பி வந்தபோது நம்மில் பலர் மனதில் இருந்தது அந்தப் பழைய ஓட்டம்தான். ஆனால் வால்ஸ்கிஸும் கிரிவெல்லாரோவும் சேர்ந்து விளையாடிய அந்த முன்வரிசை திரும்பி வரவில்லை. 2023-24இல் 6வது, அடுத்த சீசனில் 11வது.

பந்தய விகிதங்களைச் செய்தியாக எடுத்துக்கொள்வதையும் விட்டுவிடலாம். மேனேஜர் நியமனம் மாதிரியான சிறிய சந்தைகளில் சொற்பத் தொகை விழுந்தாலே விகிதம் ஆடிவிடும். அடிபடும் பெயர்களில் சில, வேறிடத்தில் சம்பளம் கூட்டிக் கேட்கும் ஏஜென்ட்டுகள் கிளப்பிவிடுவது. அலோன்சோ விஷயத்தில் இரண்டு மாதம் வாதாடியவர்களில் எத்தனை பேர், அவருக்கு வர விருப்பமா என்று யோசித்தார்கள்?

போகிறவர் எந்த நிலைமையில் வேலை செய்தார் என்பதையும் மறந்துவிடுகிறோம். 2025 செப்டம்பர் 27 முதல் நவம்பர் 26 வரை லிவர்பூல் ஆடிய 12 ஆட்டங்களில் 9 தோல்வி. பட்டம் வென்று கொடுத்த ஸ்லாட்டையே மாற்று என்றும் க்ளோப்பைத் திரும்பக் கூப்பிடு என்றும் குரல்கள் எழுந்தன. விமர்சிக்க இடம் இருந்தது. அடித்து உயர்த்தும் பந்துகளையும் செட்-பீஸ்களையும் (கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை) அணி சமாளிக்கவே இல்லை. ஆனால் அந்த ஜூலை 3 அன்றுதான் டியோகோ ஜோட்டாவும் அவர் தம்பியும் ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்தார்கள். தினமும் தங்களோடு பயிற்சி செய்தவரைப் புதைத்துவிட்டு சில வாரங்களில் அந்த வீரர்கள் சீசனைத் தொடங்கினார்கள். அலெக்சாண்டர்-ஆர்னால்டும் லூயிஸ் டியாஸும் வேறு கிளப்புகளுக்குப் போயிருந்தார்கள். விர்ட்ஸும் எகிடிகேவும் அப்போதுதான் வந்திருந்தார்கள். இசாக்கோ ஆட்டக்காரர்களை வாங்கும் காலத்தின் கடைசி நாளில், முன்சீசன் பயிற்சியே இல்லாமல் வந்து சேர்ந்தார்.

ஸ்லாட்டை மாற்றுங்கள் என்று அப்போது சொன்னவர்களிடம் நான் கேட்ட கேள்வி, புதிதாக வருபவர் இதில் எதைச் சரிசெய்வார் என்பதே. செட்-பீஸ் தடுப்பை என்றால் சரி, அதில் தேர்ந்த ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள், துணைப் பயிற்சியாளராக யாரைக் கூட்டிவருவார் என்றும் சொல்லுங்கள், அதைப் பேசலாம். இசாக்கின் உடல்தகுதி என்றால் அதற்கு மேனேஜரை மாற்றிப் பயனில்லை, சில வாரங்கள்தான் வேண்டும்.