மலைகளை மறையாமல் காக்கும் விதி: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் நின்று எதிர்ப்பக்கம் பார்த்தால், காற்று தெளிந்த நாளில் ஒவ்வொரு பாறை அடுக்கும் தன் நிறத்தோடு தனித்தனியாகத் தெரியும். மூட்டம் போட்ட நாளில், அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள் பார்வையை மங்கலாக்கும் நாளில், அவ்வளவும் ஒரே சாம்பல் நீலத் திட்டுதான். அந்தக் காட்சியைக் காக்கத்தான் 1977-இல் அமெரிக்கா தன் சுத்தக் காற்றுச் சட்டத்தில் தனிப் பிரிவு ஒன்றைச் சேர்த்தது. 156 தேசியப் பூங்காக்களும் காட்டுப் பகுதிகளும் இதன் பாதுகாப்பில் வருகின்றன. மனிதர்களால் அங்கே உண்டாகும் மூட்டத்தை 2064-ஐ இலக்காக வைத்துப் படிப்படியாகப் போக்க வேண்டும் என்கிறது 1999-இல் வந்த வட்டார மூட்ட விதி.

இதைப் படிப்பவர்கள் முதலில் சறுக்கும் இடம்: "மூச்சுக்குக் கெடுதல் இல்லையே, அப்புறம் என்ன?" உடல்நலத்துக்கான வரம்பு வேறு, பார்வைக்கான இலக்கு வேறு. நுண்துகளுக்கு அங்கே 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 35 மைக்ரோகிராம். அதற்கு வெகு கீழே இருக்கும்போதே தொலைவில் உள்ள மலை கண்ணிலிருந்து மறைந்துவிடும். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு மை பளிச்சென்று தெரியும், அழுக்குத் துணியில் தெரியாது. காற்றும் அப்படித்தான். எவ்வளவு சுத்தமோ அவ்வளவு சீக்கிரம் கெடும். அதனால்தான் மூட்டத்தை டெசிவியூ என்ற தனி அளவில் சொல்கிறார்கள். ஒளி மங்குவது சுமார் 10 சதவீதம் கூடினால் ஒரு டெசிவியூ ஏறும். என்னைக் கேட்டால், இந்த விதியின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, பூங்கா வாசலில் புகைபோக்கியைத் தேடுவது. சில சமயம் பக்கத்திலேயே இருக்கும்தான். கிராண்ட் கேன்யனுக்கு அருகில் இருந்த நவாஹோ அனல்மின் நிலையம் தன் சல்பர் டை ஆக்சைடை 90 சதவீதம் குறைக்க வேண்டும் என்று 1991-இல் முடிவானது. 2019-இல் அந்த நிலையமே மூடப்பட்டது. ஆனால் பெரும்பாலும் மூட்டம் பல நூறு கிலோமீட்டர் தாண்டி வருகிறது. வழியில் சல்பர் டை ஆக்சைடு சல்பேட் துகளாக மாறும். ஈரப்பதம் கூடினால் அந்தத் துகள் நீரை இழுத்து ஊதிப் பெருத்து ஒளியை இன்னும் சிதறடிக்கும். கிழக்கே கிரேட் ஸ்மோக்கி மலைகளில் கோடையை மங்கலாக்கியது பெரிதும் இதுதான். ஆகவே, தன் எல்லைக்குள் இப்படிப் பாதுகாக்கப்பட்ட பூங்கா ஒன்றுகூட இல்லாத மாநிலமும் மூட்டத்தைக் குறைக்கும் திட்டம் தர வேண்டும்.

வருட சராசரியை மட்டும் பார்ப்பதும் தவறு. அளவு நிலையங்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை, 24 மணி நேரம் காற்றை இழுத்து வடிதாளில் துகளைப் பிடிக்கிறார்கள். அதில் மிகவும் பாதிக்கப்பட்ட 20 சதவீத நாட்கள் மேம்பட வேண்டும், மிகத் தெளிவான 20 சதவீத நாட்கள் கெடக் கூடாது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். முன்பு மோசமான நாட்கள் என்றால் காட்டுத்தீ நாளும் அதில் வந்துவிடும். 2017 திருத்தத்துக்குப் பிறகு மனிதர்களால் வந்த பாதிப்பை வைத்தே அந்த நாட்களைப் பிரிக்கிறார்கள். ஆகவே இந்த நாட்களின் மூட்ட அளவைக் காட்டும் பழைய வரைபடத்தையும் புதியதையும் அப்படியே ஒப்பிடாதீர்கள்.

சரி, 2064-ஐ நோக்கி இறங்கும் நேர்கோட்டுக்கு வருவோம். தொடக்கத்தில் இருந்த மூட்டம் ஆண்டுதோறும் ஒரே அளவாகக் குறைந்து 2064-இல் இயற்கை நிலையைத் தொட்டால் எப்படி இருக்கும் என்று வரைபடத்தில் போடும் கோடு அது. ஒரு பூங்கா அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது, இனி எதையும் ஆராய வேண்டாம் என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். கோடு ஒரு அளவுகோல்தான். ஆலையின் மாசைக் குறைக்க ஆகும் செலவு, தேவைப்படும் காலம், ஆற்றலுக்கும் சுற்றுச்சூழலுக்கும் வரும் விளைவு, ஆலையின் மீதி ஆயுள் ஆகிய நான்கையும் எடைபோடச் சொல்வது சட்டமே.

கடைசியாக, மாநிலத்தின் வரைவுத் திட்டத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். பொதுமக்கள் கருத்துக்கு வைப்பதற்குக் குறைந்தது 60 நாள் முன்பே பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் மத்தியத் துறைகளைக் கலந்து பேச வேண்டும் என்பது விதி. அவர்கள் சொன்னதற்கு மாநிலம் என்ன செய்தது என்பதும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். எந்த ஆலையை ஏன் விட்டுவிட்டார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் அந்தப் பக்கங்களில்தான் வெளிப்படையாக எழும்.