ஒப்பரேட்டர் வேலைக்குப் போகுமுன்

சீனக்குடாவில் மாவு ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்க் குதங்கள். வடக்கே புல்மோட்டையில் கனிய மணல். திருகோணமலைப் பிள்ளைகளுக்கு ஆலை வேலை மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் "ஒப்பரேட்டர்தானே, பட்டனை அமத்தினால் சரி" என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் மாதத்திலேயே தடுமாறுகிறார்கள்.

கோதுமையை அரைக்குமுன் தண்ணீர் சேர்த்து மணிக்கணக்கில் ஊறவிடுவார்கள். ஈரம் குறைந்தால் தவிடு நொறுங்கி மாவோடு கலந்துவிடும். கூடினால் சல்லடை அடைக்கும். புல்மோட்டை மணலில் உள்ள கனியங்களில் இல்மனைட்டைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது. அதை வைத்தே இரண்டையும் பிரிப்பார்கள். மணலில் ஈரம் இருந்தால் அந்தப் பிரிப்பு குழம்பும். திரையில் தெரிவதெல்லாம் வெறும் இலக்கம்தான். அது ஏன் ஏறுகிறது என்று யோசிக்க வேண்டியவர் ஒப்பரேட்டர். சாதாரண தரத்தோடு விஞ்ஞானத்தை மூட்டை கட்டியவர்கள் அதைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்ப்பது நல்லது.

எழுத்து வேலையை இளக்காரமாக நினைப்பதுதான் என் கணக்கில் பெரிய பிழை. 1988 ஜூலை 6, வடகடலில் பைப்பர் அல்பா எண்ணெய் மேடை. பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அதே பம்பை இயக்கினார்கள். மேடை வெடித்து எரிந்தது, 167 உயிர்கள் போயின. ஷிப்டில் நடந்ததை எழுதிவைக்கும் லொக் புத்தகத்தில் "எல்லாம் சரி" என்று ஒரு வரி கிறுக்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறவரைப் பார்த்தால் எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வரும். அலாரம் சும்மா அடிக்கிறது என்று நிறுத்திவைப்பதும் இதே கூத்துதான்.

சரி, படிப்பு. காசு கட்டுமுன் அந்தப் பாடநெறி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, முடிவில் என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமை கிடைக்குமா என்று கேளுங்கள். நிலை 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா. ஏற்கெனவே ஆலையில் இருப்பவர்களும் அனுபவத்தைக் காட்டி நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி அதிகாரசபை மூலம் மதிப்பீடு செய்து என்.வி.கியூ. பெறலாம். ஆகவே சேவைக் கடிதம் வாங்காமல் கோபித்துக்கொண்டு வேலையை விட்டு வராதீர்கள்.

நேர்முகத்தில் சம்பளம் கேட்ட கையோடு, ஷிப்ட் எப்படிச் சுழலும், இரவில் வாகனம் உண்டா என்றும் கேளுங்கள். மூதூரிலிருந்து வருகிறவர் இதைக் கேட்காமல் கையெழுத்துப் போடவே கூடாது.