வார்ப்பிரும்பு விறகடுப்பு வாங்குவதற்கு முன்

மூடிய நெருப்பறை, தட்டையான மேல்தகடு, ரொட்டி சுடும் அறை, புகைபோக்கி ஆகியவை ஒன்றாக அமைந்த பழைய பாணி வார்ப்பிரும்பு அடுப்பைத் தோட்டத்து வீட்டில் வைக்க விரும்புபவர்கள், அதன் அழகைப் பார்த்து விலை பேசுவதற்கு முன், தம் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இது குளிர்நாட்டு வீடுகளுக்காக உருவான அடுப்பு. சமைப்பது அதன் பாதி வேலைதான். அறையைச் சூடாக வைத்திருப்பது மறுபாதி. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரிலோ தளியிலோ மார்கழி, தை மாதங்களில் அந்தச் சூடு இதமாக இருக்கும். அரூரிலும் தருமபுரியிலும் சித்திரை மாதத்தில் அதன் அருகே நிற்பது தண்டனை என்பேன்.

அடுத்து, உங்கள் சமையலின் போக்கைக் கவனியுங்கள். அடுப்பு 200 கிலோ எடையுள்ளதானால், அந்த இரும்பின் வெப்பநிலையை 150 பாகை செல்சியஸ் உயர்த்தவே ஏறத்தாழ 14 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகின் வெப்பம் சிறிதும் வீணாகாமல் சேர்ந்தால்தான் அவ்வளவு கிடைக்கும். புகைபோக்கி வழியே போவதையும் கணக்கில் எடுத்தால் விறகு இன்னும் கூடுதலாகவே செலவாகும். ஆகவே, காலையில் காபி போட்டு நான்கு தோசை வார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பும் குடும்பத்துக்கு எரிவாயு அடுப்பே போதும். நாள் முழுவதும் வெந்நீர், பருப்பு, கறிக்குழம்பு என்று ஏதாவது வெந்துகொண்டிருக்கும் கூட்டுக் குடும்பத்துக்குத்தான் இரும்பு சேமித்து வைக்கும் சூடு பயன்படும்.

ராகிக் களி கிண்டுபவர்கள் மேல்தகட்டைக் குறிப்பாகப் பார்க்க வேண்டும். அடி உருண்ட குண்டான் தட்டைத் தகட்டில் ஒரு புள்ளியில்தான் படியும். துடுப்பை அழுத்திக் கிண்டும்போது சுழன்று ஓடும். கழற்றக்கூடிய வளையங்கள் உள்ள அடுப்பானால், வளையத்தை எடுத்துவிட்டுக் குண்டானை உள்ளே இறக்கி உட்கார வைக்கலாம்.

விறகிலும் ஒரு சிக்கல் உண்டு. பட்டுப்புழு வளர்க்கும் வீடுகளில் மல்பெரிக் குச்சி மலிவாகக் கிடைத்தாலும், அது விரைவில் எரிந்து தீர்ந்துவிடும் என்பதால் அடிக்கடி கதவைத் திறந்து குச்சி திணிக்க நேரும். புளி, மா ஆகியவற்றின் தடித்த கட்டைகளைக் குட்டையாக அறுத்து, பல மாதங்கள் உலர வைத்துப் பயன்படுத்துவதே இதற்குப் பொருந்தும். ஈர விறகு புகைபோக்கிக்குள் கரியைப் படியச் செய்யும். படிந்த கரி ஒரு நாள் அடுப்பின் சூட்டில் தீப்பிடிக்கக்கூடும்.

பழைய அடுப்பை வாங்குவதானால் பகலில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். இருட்டில் நெருப்பறைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், விரிசல் வழியே வெளிச்சம் கசிவது தெரியும். தகட்டைத் தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும். மந்தமான ஓசை வந்தால் ஐயப்படுங்கள். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். எளிதாக வந்துவிட்டால் காற்று உள்ளே புகும், எரிதலை அடக்க முடியாது. துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். வார்ப்பிரும்பில் விழுந்த வெடிப்பை ஒட்டுவதோ எல்லாப் பட்டறையிலும் ஆகிற வேலையன்று.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் புகைபோக்கிக்கு வழி வேண்டும். அது கூரையின் உச்சிக்கு மேலே இரண்டு, மூன்று அடியாவது எழ வேண்டும். மரச்சட்டத்தையோ ஓலையையோ நெருங்காமல் செல்ல வேண்டும். புகை வெளியேறாத மூடிய சமையலறையில் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே ஆபத்து. தரைக்கு, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் எளிதில் கிடைக்கும் கருங்கல் பலகையைக் கெட்டியான மண்ணின் மேல் பதித்தால் போதும். மாடியில் வைக்க எண்ணினால் பொறியாளரைக் கேட்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். புகைபோக்கி, அடித்தளம், ஏற்றி இறக்கும் கூலி ஆகிய மூன்றையும் சேர்த்த தொகையைத்தான் அடுப்பின் விலையாகக் கொள்ள வேண்டும்; வியாபாரி சொல்லும் தொகையை அன்று.